முன்சீப் வேதநாயகம் பிள்ளை

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (அக்டோபர் 11, 1826 – சூலை 21, 1889) பத்தொன்பதாம் நூற்றாண்டில் காவிரிக் கழிமுகப் பகுதியில் முன்சீப்பாகப் பணியாற்றிய நீதிபதியும், தமிழ் எழுத்தாளரும், கீர்த்தனை ஆசிரியரும் ஆவார். தமிழின் முதல் புதினமான பிரதாப முதலியார் சரித்திரத்தை (1879) இயற்றியவர் என்ற வகையில் இவர் பெரிதும் அறியப்படுகிறார். ஆனால் இவர் வாழ்ந்த காலத்தில் தஞ்சாவூர் மாவட்டத்து மக்கள் இவரை முதன்மையாக அறிந்தது முன்சீப் என்ற முறையிலேயே ஆகும். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் நீதி வழங்கிய இவர் 1872 ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். பதவியில் இருந்தபோதும் அதை விட்டு நீங்கிய பின்னரும், சமயத்தால் வேறுபட்ட புலவர்களும் இசைவாணரும் இவரைப் பாராட்டிப் பாடினர். கத்தோலிக்கரான ஒரு நீதிபதிக்குச் சைவப் புலவர் ஒருவர் கோவை நூல் பாடியதும், ஓய்வு பெற்ற பின் இவர் செய்த பஞ்ச நிவாரணப் பணிக்காகக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனை பாடியதும் அவற்றுள் முக்கியமானவை.

பிறப்பும் தொடக்கப் பணியும்

வேதநாயகம் பிள்ளை திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள வேளாண்குளத்தூர் என்னும் ஊரில் சவரிமுத்துப் பிள்ளை, ஆரோக்கிய மரி அம்மாள் ஆகியோருக்கு மகனாகப் பிறந்தார். இவ்வூர் குளத்தூர் என்றும் வழங்கப்படும். தமிழையும் ஆங்கிலத்தையும் நன்கு கற்ற இவர், 1848 ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணியில் சேர்ந்தார். 1850 ஆம் ஆண்டில் அங்கேயே மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார்.

மொழிபெயர்ப்பாளர் பணி இவருடைய பிற்கால வாழ்வுக்கு அடித்தளமாக அமைந்தது எனலாம். அக்காலத்தில் மாவட்ட நீதிமன்றங்களில் ஆங்கிலேயர்களே நீதிபதிகளாக இருந்தனர். வழக்காடுவோரும் சாட்சிகளும் தமிழ் பேசினர். இவ்விரு தரப்புக்கும் இடையில் நின்றவர் மொழிபெயர்ப்பாளர். ஒரு சொல் மாறினால் ஒருவருடைய நிலமோ விடுதலையோ கைமாறக்கூடும். நீதிமன்றத்தின் மொழிக்கும் மக்களின் மொழிக்கும் இடையே இருந்த இடைவெளியை இவர் இளம் வயதிலேயே நேரில் கண்டார். அந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சியை இவர் வாழ்நாள் முழுவதும் பல வடிவங்களில் மேற்கொண்டார்.

முன்சீப் பதவி

முன்சீப் என்பது நீதி வழங்குபவர் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பிரித்தானிய ஆட்சியின்போது உரிமையியல் வழக்குகளை விசாரிக்கும் அடிநிலை நீதிபதிகள் இப்பெயரால் அழைக்கப்பட்டனர். ஆங்கிலேயர் மாவட்ட நீதிபதிகளாக இருந்த காலத்தில், இந்தியர்கள் அடையக்கூடிய மதிப்பு மிக்க நீதித்துறைப் பதவிகளுள் இதுவும் ஒன்றாகும். இக்காலத் தமிழ்நாட்டிலும் மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தை முன்சீப் கோர்ட்டு என்றே மக்கள் வழங்குவதைக் காணலாம்.

வேதநாயகம் பிள்ளை 1857 ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் முன்சீப்பாக நியமனம் பெற்றார். தரங்கம்பாடி 1845 ஆம் ஆண்டு வரை டேனியர் வசம் இருந்து, பின்னர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட துறைமுக நகரமாகும். அதன் பின்னர் சீர்காழியிலும், தொடர்ந்து மாயூரத்திலும் பணியாற்றினார். மாயூரத்தில் மட்டும் பத்து ஆண்டுகளுக்கு மேல் முன்சீப்பாக இருந்தார். மாயவரம் என்றும் அழைக்கப்பட்ட இந்நகரம் 1982 ஆம் ஆண்டு முதல் மயிலாடுதுறை எனப் பெயர் பெற்றுள்ளது. இவர் பணியாற்றிய மூன்று ஊர்களும் அன்று தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தன. 2020 ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட மயிலாடுதுறை மாவட்டத்தில் இன்று இம்மூன்றும் அடங்கியுள்ளன.

காவிரிக் கழிமுகம் நெல் விளையும் பூமியாகும். 1836 ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை கட்டப்பட்ட பின் பாசனம் மேலும் உறுதிப்பட்டது. நிலத்தின் மதிப்பு கூடிய இடத்தில் நில வழக்குகளும் கூடுவது இயல்பே. மிராசுதாரர், புறக்குடி, பண்ணையாள் என அடுக்கடுக்கான உரிமைகளைக் கொண்ட இச்சமுதாயத்தில் பங்குரிமை, வாரம், ஒற்றி, கடன், வாய்க்கால் நீர், பாகப்பிரிவினை முதலியவை வழக்குகளுக்கு வித்திட்டன. கோயில்களும் மடங்களும் பெருநிலங்களை உடைமையாகக் கொண்டிருந்தன. இத்தகைய இடத்தில் முன்சீப்பாக இருப்பவரைத் தேடி வலியவரும் எளியவரும் ஒருங்கே வந்தனர். வலியவரிடம் பரிசுப்பொருளும் பரிந்துரையும் இருந்தன. எளியவரிடம் வழக்கு மட்டுமே இருந்தது.

நீதிநூல்

முன்சீப் பதவியை ஏற்ற சில ஆண்டுகளிலேயே இவர் நீதிநூல் என்னும் செய்யுள் நூலை வெளியிட்டார் (1859). திருக்குறள், நாலடியார் முதலிய பழைய அறநூல்களின் வழியில் அமைந்த இந்நூல் அதிகாரங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இதற்குச் சிறப்புப்பாயிரம் அளித்துள்ளார்.

பழைய அறநூல்கள் பொதுவாகக் கூறிய சில குற்றங்களை இந்நூல் தனியாக எடுத்துப் பேசுகிறது. அவற்றுள் ஒன்று கைக்கூலி, அதாவது இலஞ்சம் ஆகும். அலுவலில் இருப்பவர் பொருள் பெற்றுக்கொண்டு நீதியை விற்பதை, அத்தகைய அலுவலில் தாமே இருந்த ஒருவர் கண்டித்து எழுதியது குறிப்பிடத்தக்கது. பெண்களுக்குக் கல்வி அளிப்பதன் தேவையும் இந்நூலில் தனி அதிகாரமாக இடம்பெற்றுள்ளது.

சித்தாந்த சங்கிரகம்

நீதித்துறைக்கு இவர் செய்த பணிகளுள் தலையாயது சித்தாந்த சங்கிரகம் என்னும் தொகுப்பாகும். சென்னை மாகாணத்தில் 1862 ஆம் ஆண்டு வரை சதர் அதாலத் என்னும் நீதிமன்றமே மாவட்ட நீதிமன்றங்களுக்கு மேலான உச்ச முறையீட்டு மன்றமாக விளங்கியது. அவ்வாண்டில் சென்னை உயர் நீதிமன்றம் தோன்றியபோது சதர் அதாலத் அதனுள் இணைந்தது. சதர் மன்றத்தின் தீர்ப்புகள் கீழ் நீதிமன்றங்களுக்கு வழிகாட்டியாக அமைந்தன. ஆயினும் அவை ஆங்கிலத்தில் இருந்தமையால், ஆங்கிலம் அறியாத வழக்கறிஞர்களுக்கும் வழக்காடுவோருக்கும் எட்டாதவையாக இருந்தன. தம் வழக்கைப் போன்ற வழக்கொன்றில் முன்னர் என்ன தீர்ப்பு வழங்கப்பட்டது என்பதை அறியாமலேயே ஓர் உழவர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

வேதநாயகம் பிள்ளை 1805 ஆம் ஆண்டு முதல் 1861 ஆம் ஆண்டு வரையிலான தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் பெயர்த்து 1862 ஆம் ஆண்டில் வெளியிட்டார். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்த முதல் முயற்சியாக இது கருதப்படுகிறது. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத் தீர்ப்புகளைப் படித்துச் சுருக்கி, அவற்றுக்கேற்ற தமிழ்ச் சொற்களை அமைத்துக்கொள்வது எளிய பணி அன்று. சட்டத்தமிழ் என்று இன்று கூறப்படும் துறையின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் மதிக்கப்படுவதற்கு இந்நூலே காரணமாகும்.

பெண்கல்வியும் நகராட்சிப் பணியும்

நீதிமன்றத்துக்கு வெளியிலும் இவருடைய பொதுப்பணி தொடர்ந்தது. பெண்கல்வியை வலியுறுத்தி இவர் பெண்மதி மாலை (1869) என்னும் நூலையும், பெண்கல்வி என்னும் உரைநடை நூலையும் எழுதினார். எழுதியதோடு நில்லாமல் மாயூரத்தில் பெண்களுக்கெனப் பள்ளி ஒன்றையும் தொடங்கினார். பெண்கள் பள்ளிக்குச் செல்வது அரிதாக இருந்த காலத்தில் நடைபெற்ற முயற்சி இது. மாயூரம் நகராட்சியின் தலைவராகவும் இவர் பணியாற்றியுள்ளார்.

புலவர் நட்பு

வேதநாயகம் பிள்ளைக்கும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கும் (1815–1876) இருந்த நட்பு தமிழ் இலக்கிய வரலாற்றில் நன்கு அறியப்பட்டதாகும். மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் திருச்சிராப்பள்ளிப் பகுதியைச் சேர்ந்தவரே. திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவானாக விளங்கிய அவர், சிவத்தலங்களின் மீது ஏராளமான தலபுராணங்களும் சிற்றிலக்கியங்களும் பாடியவர். வேதநாயகம் பிள்ளை சீர்காழியில் பணியாற்றியபோது மீனாட்சிசுந்தரம் பிள்ளை அங்கு தங்கிச் சீகாழிக் கோவை பாடினார்.

திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர், கோபாலகிருஷ்ண பாரதியார், இராமலிங்க அடிகள் ஆகியோரும் வேதநாயகம் பிள்ளையிடம் நட்புக் கொண்டிருந்தனர். 1871 ஆம் ஆண்டில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்க மாயூரம் வந்த இளைஞர் உ. வே. சாமிநாதையர், பிற்காலத்தில் என் சரித்திரம் என்னும் தன்வரலாற்றிலும் தம் ஆசிரியரின் வரலாற்றிலும் வேதநாயகம் பிள்ளையைப் பற்றிப் பல செய்திகளைப் பதிவு செய்துள்ளார். வேதநாயகம் பிள்ளையைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதிக்கு அப்பதிவுகள் துணையாக உள்ளன.

குளத்துக்கோவை

மீனாட்சிசுந்தரம் பிள்ளை வேதநாயகம் பிள்ளையைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு பாடிய நூல் குளத்துக்கோவை ஆகும். நூற்பெயரில் உள்ள குளம் என்பது அவர் பிறந்த குளத்தூரைக் குறிக்கும்.

கோவை என்பது தமிழில் வழங்கும் சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்று. தலைவன், தலைவி ஆகியோரின் களவு, கற்பு வாழ்க்கை நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தி, பொதுவாக நானூறு அளவிலான கட்டளைக் கலித்துறைப் பாடல்களில் பாடுவது இதன் மரபு. ஒவ்வொரு பாடலிலும் பாட்டுடைத் தலைவரின் பெயர், ஊர், ஆறு, கொடை முதலியவற்றுள் ஏதேனும் ஒன்று புகழப்படும். அகப்பொருள் இலக்கணமும் அணிநயமும் நன்கு கற்றவரே கோவை பாட இயலும். மாணிக்கவாசகரின் திருக்கோவையார் தில்லை இறைவனையும், தஞ்சைவாணன் கோவை வாணன் என்னும் தலைவனையும் பாட்டுடைத் தலைவர்களாகக் கொண்டவை. இவ்வாறு கடவுளரும் அரசரும் பெருநிலத் தலைவரும் பெற்ற சிறப்பை, அரசு ஊதியம் பெறும் முன்சீப் ஒருவர் பெற்றது புதுமையாகும்.

இதில் இருவகையில் மரபு மீறப்பட்டுள்ளது. முதலாவது, பாடியவர் சைவ மடத்தின் வித்துவான், பாடப்பட்டவர் கத்தோலிக்கர். இரண்டாவது, பழைய புரவலருக்கு உரிய வீரமும் படையும் இல்லாத ஒருவர் பாட்டுடைத் தலைவரானார். அவரிடம் இருந்த பெருமைகள் கல்வியும், கொடையும், நடுவுநிலையுமே ஆகும். சமயம் கடந்த நட்புக்கு எடுத்துக்காட்டாகவும், புதிய காலத்து அலுவலர் ஒருவர் பழைய இலக்கிய வடிவத்தினுள் இடம்பெற்றதற்குச் சான்றாகவும் குளத்துக்கோவை விளங்குகிறது.

ஓய்வு

வேதநாயகம் பிள்ளை 1872 ஆம் ஆண்டில் முன்சீப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து அல்லது நாற்பத்தாறு. தரங்கம்பாடியில் முன்சீப்பாகச் சேர்ந்தது முதல் பதினைந்து ஆண்டுகளும், நீதிமன்றப் பணியில் முதன்முதலாகச் சேர்ந்த 1848 ஆம் ஆண்டு முதல் கணக்கிட்டால் இருபத்து நான்கு ஆண்டுகளும் ஆகின்றன. சொந்த ஊருக்குத் திரும்பாமல், தாம் நீதி வழங்கிய மாயூரத்திலேயே எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். நகரப் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது இதனாலேயே. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், தம்மிடம் வழக்கில் வென்றவரும் தோற்றவரும் வாழும் ஊரில் பதினேழு ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்தார் என்பது கருதத்தக்கது.

பதவியில் இருக்கும் ஒருவரைப் பாடும் பாட்டில் பயன் கருதும் நோக்கம் இருக்கலாம் என ஐயுறுவோர் உண்டு. குளத்துக்கோவை எழுந்ததற்கு இரு நண்பர்களின் நீண்ட காலப் பழக்கமே காரணமாயினும், அந்த ஐயம் பொதுவாக எழக்கூடியதே. ஓய்வுக்குப் பின் இவர் பெற்ற சிறப்புகளுக்கு அந்த ஐயம் பொருந்தாது. வழங்குவதற்குத் தீர்ப்பும் பரிந்துரையும் தம் கையில் இல்லாத காலத்தில் அவற்றை இவர் பெற்றார்.

தாது வருடப் பஞ்சம்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் தாக்கியது. தாது ஆண்டில் தொடங்கியதால் இது தாது வருடப் பஞ்சம் எனப்படுகிறது. இப்பஞ்சத்தில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் எனக் கணிக்கப்படுகிறது. சென்னை மாகாணத்தின் வறண்ட மாவட்டங்களே இதனால் பெரிதும் அழிவுற்றன. ஆற்றுப் பாசனம் இருந்தமையால் காவிரிக் கழிமுகம் ஓரளவு தப்பியது. ஆயினும் அங்கும் தானிய விலை ஏறியது. நெல் விளைந்த ஊரிலேயே, நிலம் இல்லாத கூலியாட்கள் நெல் வாங்க இயலாத நிலை ஏற்பட்டது. பிற பகுதிகளிலிருந்து பசியால் வந்தவர்களும் இப்பகுதியில் தஞ்சம் புகுந்தனர்.

இந்நிலையில் வேதநாயகம் பிள்ளை தம் சொந்தப் பொருளைக் கொண்டு ஏழைகளுக்கு உணவளித்தார். பஞ்சத்தின் கொடுமையைக் கூறி இறைவனிடம் முறையிடும் கீர்த்தனைகளையும் இயற்றினார். திருவாவடுதுறையில் சுப்பிரமணிய தேசிகர் பசித்தோருக்கு உணவளித்து வந்ததைப் பாராட்டி இவர் பாடல்கள் இயற்றினார். சைவ மடத்தின் தலைவரைக் கத்தோலிக்கர் பாடிய இந்நிகழ்ச்சி, குளத்துக்கோவைக்கு மறுதலையாக அமைந்த கைம்மாறு போன்றதாகும்.

நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றிப் புகழ்பெற்ற கோபாலகிருஷ்ண பாரதியார் அக்காலத்தில் மாயூரத்தில் வாழ்ந்துவந்தார். வேதநாயகம் பிள்ளையின் கொடையைக் கண்ட அவர், மனிதருள் மேரு மலை போன்றவர் என்னும் கருத்தமைய அவர்மீது கீர்த்தனை ஒன்று பாடினார். சிவபெருமானையும் அடியார்களையும் பாடிவந்த பாரதியார், மனிதர் ஒருவரை இவ்வாறு பாடியது அரிய நிகழ்ச்சியாகும். முன்சீப் பதவியை விட்டு நான்கு ஆண்டுகளுக்கு மேலான பின்னரே இந்தச் சிறப்பு வேதநாயகம் பிள்ளையை வந்தடைந்தது. மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876 ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மறைந்துவிட்டமையால், தம் கோவையின் தலைவர் பஞ்ச காலத்தில் ஆற்றிய பணியைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

புதினத்தில் நீதிமன்றம்

ஓய்வுக் காலத்தில் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் (1879) தமிழின் முதல் புதினமாகப் போற்றப்படுகிறது. தமிழில் உரைநடை நூல்கள் போதிய அளவில் இல்லை என்ற குறையைப் போக்கும் நோக்கத்துடன் இதனை எழுதியதாக ஆசிரியர் குறிப்பிட்டுள்ளார். கதைத்தலைவன் பிரதாப முதலியார். அவன் மனைவி ஞானாம்பாள். கதையின் ஒரு பகுதியில் ஆண் வேடமிட்ட ஞானாம்பாள், அரசன் இறந்துபோன விக்கிரமபுரி என்னும் நாட்டில் யானையால் மாலையிடப்பட்டு அரசாளும் பொறுப்பை ஏற்கிறாள்.

விக்கிரமபுரிப் பகுதி ஒரு முன்சீப்பின் அனுபவக் குறிப்பேடு போலவும் படிக்கத்தக்கது. இலஞ்சம் வாங்கும் அலுவலர்களும், வழக்கை வளர்க்கும் வக்கீல்களும், அவர்களிடம் சிக்கும் குடிகளும் அங்கு இடம்பெறுகின்றனர். நீதிமன்ற மொழி பற்றிய கருத்தும் இப்புதினத்தில் விரிவாகப் பேசப்படுகிறது. நீதிபதிக்குத் தமிழ் தெரியும், வழக்காடுபவர் தமிழர், வக்கீலும் தமிழரே. இவ்வாறு இருக்கையில் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதிடுவது எதற்காக என்பதே அதில் எழுப்பப்படும் வினாவாகும். தம் வழக்கில் தமக்காகப் பேசப்படுவது என்ன என்பதை வழக்காடுபவர் அறியாமல் நிற்பதை ஆசிரியர் நகைச்சுவையோடு கண்டிக்கிறார். ஆங்கிலம் கற்பதை அவர் மறுக்கவில்லை. தாய்மொழியைப் புறக்கணிப்பதையே மறுக்கிறார்.

இவருடைய இரண்டாவது புதினமான சுகுணசுந்தரி 1887 ஆம் ஆண்டில் வெளிவந்தது. குழந்தை மணத்தின் தீமை அதில் எடுத்துரைக்கப்படுகிறது.

சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்

1878 ஆம் ஆண்டில் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள், எந்தச் சமயத்தவரும் பாடத்தக்க வகையில் கடவுளைப் பொதுப்பெயர்களால் போற்றுகிறது. இறை வணக்கப் பாடல்களோடு உலகியல் பற்றிய கீர்த்தனைகளும் இதில் உள்ளன. கருநாடக இசை மேடைகளில் இவருடைய பாடல்கள் இன்றும் பாடப்படுகின்றன. பல சமயத்தவரின் வழக்குகளையும் ஒரே இருக்கையில் அமர்ந்து கேட்ட ஒருவரின் மனநிலையை இத்தொகுப்பின் பெயரிலேயே காணலாம்.

ஒப்பீடு

இதே தஞ்சாவூர் மாவட்டத்தில் உச்சுவாடி என்னும் ஊரில் பிறந்த சர் தி. முத்துசாமி ஐயர் (1832–1895) இவர் காலத்தவரே. வறுமையில் வளர்ந்து நீதித்துறையில் படிப்படியாக உயர்ந்த அவர், 1870களின் பிற்பகுதியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். 1893 ஆம் ஆண்டில் பொறுப்புத் தலைமை நீதிபதியாகவும் பணியாற்றினார். அவர் மறைவுக்குப் பின் உயர் நீதிமன்றத்தில் அவருக்குப் பளிங்குச் சிலை நிறுவப்பட்டது. அடிநிலை நீதிமன்றத்தோடு பணியை முடித்துக்கொண்ட வேதநாயகம் பிள்ளைக்கு அத்தகைய அரசுச் சிறப்பு வாய்க்கவில்லை. ஒருவருக்குத் தலைநகரில் சிலை அமைந்தது. மற்றவருக்குத் தாம் பணியாற்றிய ஊர்ப்புறத்திலேயே கோவையும் கீர்த்தனையும் அமைந்தன. நீதிபதி ஒருவரைச் சமுதாயம் நன்றியுடன் நினைவுகூர்ந்த இரு முறைகளாக இவற்றைக் கொள்ளலாம்.

மறைவும் தாக்கமும்

வேதநாயகம் பிள்ளை 1889 ஆம் ஆண்டு சூலை 21 அன்று மாயூரத்தில் காலமானார். சத்திய வேதக் கீர்த்தனைகள் அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

நீதிமன்றத்தில் தமிழ் ஒலிக்க வேண்டும் என்ற அவர் கருத்து அவர் காலத்தில் நிறைவேறவில்லை. விடுதலைக்குப் பின் 1956 ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமும், 1976 ஆம் ஆண்டில் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் தமிழ்நாட்டின் கீழ் நீதிமன்றங்களில் தமிழைப் பயன்படுத்த வழிவகுத்தன. அவர் அமர்ந்திருந்த அதே நிலையிலான நீதிமன்றங்களே இவ்வாறு முதலில் தமிழுக்குத் திறந்தன. உயர் நீதிமன்றங்களின் மொழி இந்திய அரசியலமைப்பின் 348 ஆவது உறுப்பின்படி பொதுவாக ஆங்கிலமாகவே உள்ளது. சென்னை உயர் நீதிமன்றத்திலும் தமிழைப் பயன்படுத்த வேண்டும் எனத் தமிழ்நாடு சட்டமன்றம் 2006 ஆம் ஆண்டில் தீர்மானம் நிறைவேற்றியது. அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை.

தெரிவு செய்யப்பட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2019 ஆம் ஆண்டு முதல் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வெளியிடப்படுகின்றன. மேல் நீதிமன்றம் கூறியது என்ன என்பதை வழக்காடுபவர் தம் மொழியில் படித்தறிய வேண்டும் என்னும் இந்நோக்கம், 1862 ஆம் ஆண்டில் சித்தாந்த சங்கிரகத்தின் வழியாக வேதநாயகம் பிள்ளை செயல்படுத்திய நோக்கமே ஆகும். அன்று அதைச் செய்தது ஒரு நிறுவனம் அன்று. காவிரிக் கரையில் நாள்தோறும் வழக்குக் கேட்டுவந்த தனி மனிதர் ஒருவரே அதைச் செய்தார்.

நூல்கள்

நீதிநூல் (1859)
சித்தாந்த சங்கிரகம் (1862)
பெண்மதி மாலை (1869)
பெண்கல்வி
தேவமாதா அந்தாதி (1873)
பெரியநாயகி அம்மன் பதிகம் (1873)
திருவருள் மாலை
திருவருள் அந்தாதி
சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் (1878)
பிரதாப முதலியார் சரித்திரம் (1879)
சுகுணசுந்தரி (1887)
சத்திய வேதக் கீர்த்தனைகள் (1889)